முப்பத்திநாலு பேர் மூச்சு

ஹலோ… ஆமா, சண்முகையாதான் பேசுதேன். ரிட்டயர்டு சப்-ரிஜிஸ்ட்ரார் சண்முகையா, தெக்கு ரத வீதி. யாரு பேசுதது?…

ஓ, டாக்டரம்மாவா! சொல்லுங்கம்மா, சொல்லுங்க… இல்ல இல்ல, தூங்கல. மத்தியானம் தூங்குத பழக்கம் எனக்குக் கெடையாது. ஆபீசுல முப்பத்தோரு வருஷம் மத்தியானம் முழிச்சே இருந்தவன்… சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன். போன் அடிச்சது கேட்டுச்சு. வீட்டுல ஆளுக இருக்காவல்லா, எந்திரிச்சு வரச் செத்த நேரமாயிட்டு.

சத்தமே கேக்கலியா?… அது… எல்லாரும் பொறத்தால இருக்காவ. அடுப்பங்கரைப் பக்கம். எங்க வீட்டு ஆளுக சத்தம் போட்டுப் பேச மாட்டாவ. பழக்கம் அப்படி.

அப்பா சௌக்கியமா? தங்கப்பழத்தப் பாத்து நாளாச்சு… ஆமா… ஆமா… பனவடலிசத்திரம் தங்கப்பழம் மக ஜாய்ஸ் சென்னையில பெரிய வைரஸ் டாக்டர்னு இங்கன நான்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்… தெரியும், தெரியும். ஊசி போடுத டாக்டர் இல்ல, காத்துல பரவுத கிருமிய ஆராய்ச்சி பண்ணுத டாக்டர். எனக்குத் தெரியும்மா. இந்த வீதியில வேற எவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும்?

மெஷினா?… நல்லா இருக்கு. நீங்க மாட்டிட்டுப் போன எடத்துலதான் இருக்கு. கூடத்துச் செவுத்துல, நான் நாக்காலில உக்காந்தா என் மூக்கு உயரத்துக்கு. ஸ்கேல் வச்சு அளந்துல்லா மாட்டினீங்க… பச்சை. எந்நேரமும் பச்சை லைட்டுதான் எரியுது. ஒரு நாள்கூட மஞ்சளோ செவப்போ வந்தது கெடையாது. பச்சைன்னா நல்ல காத்துன்னு நீங்கதானே சொன்னீங்க?…

என்ன? பச்சையா எரியுததுதான் பிரச்சனையா? நல்லா இருக்கே இது.

கேளுங்க… இல்ல… துணி போட்டு மூடல. நான் என்ன கிளிக்கூண்டா வளக்கேன், துணி போட்டு மூட?… பிளக்கையும் கழட்டல. இஸ்திரிப் பெட்டிக்கு வேற பிளக்கு இருக்கு… ஃபேன் காத்து நேரா படல… ஜன்னலுக்குப் பக்கத்துலயும் இல்ல. நீங்க வச்ச எடத்துல இருந்து ஒரு இஞ்சு நகந்திருந்தா என்னக் கேளுங்க.

ஆமா… அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நாம விடுத மூச்சுல இருக்க கார்பன்-டை-ஆக்சைட அது எண்ணும். உள்ள ஆளு கூடக்கூட நம்பர் கூடும். ஒருத்தன் விட்ட காத்த இன்னொருத்தன் எம்புட்டு இழுக்கான்னு அத வச்சுத் தெரிஞ்சுக்கிடலாம். காச்சக்காரன் ஒருத்தன் உள்ள இருந்தா அவன் கிருமியும் அந்தக் காத்தோடதான் போகும். அதுக்குத்தான் நாப்பது வீட்டுல நாப்பது மெஷினு. கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இந்த ஊருல வீட்டுக்கு வீடு சொந்தக்காரங்க வந்து நெறைவாங்க, மறுநாள் காலியாயிரும், ஆராய்ச்சிக்கு இதவிட நல்ல ஊரு கெடைக்காதுன்னு சொல்லித்தானே வந்தீங்க? எனக்கு ஒருக்க சொன்னாப் போதும்.

தபசு அன்னைக்கா?… எழுதியிருக்கேன்லா. ஆடி இருபத்திரெண்டு. யாரு வந்தா, எத்தன பேரு, எந்நேரம், ஜன்னல் தொறந்திருந்துச்சா சாத்தியிருந்துச்சா, எல்லாம் நீங்க குடுத்த நோட்டுல கட்டம் கட்டமா எழுதி, ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். ஒப்புகை அட்டையும் வந்துட்டு.

வாசிங்க… ஆமா… 'காலை பதினொன்று பத்து, ராயகிரித் தங்கை குடும்பம், ஒன்பது பேர்.' ஆமா… 'மதியம் மூன்று பந்தி, மொத்தம் முப்பத்திநாலு பேர்.' ஆமா… 'ஒலிபெருக்கிச் சத்தம் காரணமாகக் கூடத்து ஜன்னல்கள் ஆறும் சாத்தப்பட்டன.' ஆமாம்மா. என் எழுத்துதான். என் கையெழுத்துதான்.

எவ்வளவு?… நானூத்தி முப்பதா? காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நானூத்தி முப்பதா?… வெளிக்காத்தே நானூத்திச் சொச்சம்… அப்பம் அது… ரெண்டாயிரத்தத் தாண்டியிருக்கணுமா. செவப்பு லைட்டு எரிஞ்சு 'கீ கீ'ன்னு கத்தியிருக்கணுமா… ம்… கத்தல. அது நெசந்தான், கத்தல.

சைனா மெஷினா இருக்கும்… ஜெர்மனியா? சரி, எந்த நாடா இருந்தா என்ன, கெடுத சாமான் எங்கனயும் கெடும்.

ஜன்னல் தொறந்து கெடந்திருந்தா?… சாத்தினேன்னு நானே எழுதியிருக்கேன். ஆமா. நான் எழுதியிருந்தா சாத்தித்தான் இருக்கும்… ஆளுக எல்லாம் மாடியில நின்னிருப்பாவ. எங்க மாடியில நின்னா தபசுப் பந்தல் நேரா தெரியும்… பந்தி நடந்தது கூடத்துலன்னு எழுதியிருக்கேனா… ம். சரி. எதுக்குத்தான் அம்புட்டு வெளக்கமா எழுதித் தொலைச்சேனோ.

ஒண்ணு பண்ணுங்கம்மா. என் வீட்டுக் கணக்க விட்டுருங்க. ஒரு வீடு போனாப் போவுது. மிச்சம் முப்பத்தொம்பது வீடு இருக்கே, அத வச்சு எழுதுங்க…

ஏன் முடியாது?… மத்தவங்க நோட்டுல என்ன எழுதியிருக்காவ?… 'நெறைய பேர் வந்தாங்க'… ஆ… 'கொஞ்சம் பேர்'… 'சாப்பிட்டுட்டுப் போனாங்க'… ஒருத்தர் 'பரவாயில்லை'ன்னு எழுதியிருக்காரா? என்ன பரவாயில்லையாம்? காத்தா, வந்தவங்களா? இந்த ஊருல ஒரு ரிஜிஸ்டர் எழுதத் தெரிஞ்சவன் கெடையாதும்மா. நான் சர்வீசுல இருக்கையிலேயே சொல்லுவேன்.

ஓ… அதனாலதான்… என் நோட்ட வச்சுத்தான் மத்த மெஷின் எல்லாத்தையும் சரி பாக்கீங்களா? தலையெண்ணி, நேரம் குறிச்சு எழுதுன ஒரே நோட்டு என்னுதுதானா… நாப்பதும் ஒரே லாட்டுல வந்த மெஷின். என்னுது பொய் சொல்லுச்சுன்னா மிச்சம் முப்பத்தொம்பதும் பொய். அப்படியா சொல்லுதாரு உங்க புரொபசரு?… நாப்பதையும் கழட்டித் திருப்பி அனுப்பப் போறீங்களா? எப்பம்?… நாளைக்கா!… இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அவருக்கு நீங்க மெயில் அனுப்பணுமா. இப்பமே மூணரை.

அப்பம் இந்த மூணு மாச வேலை?… அடுத்த ஆடிக்குப் பண்ணலாம்லா?… மார்ச்சோட உங்களுக்கு ஆராய்ச்சிக் காலம் முடிஞ்சிருதா. அதுக்கு மேல குடுக்க மாட்டாங்களா… அடடா… அழாதீங்கம்மா… அழலியா? சளியா? சரி, சளின்னே இருக்கட்டும்.

நான் ஒண்ணு கேக்கேன். ஜெர்மனி மெஷின் ஒண்ணு சொல்லுது. ஒரு கெழவன் நோட்டு ஒண்ணு சொல்லுது. நீங்க படிச்சவங்க, மெஷினத்தானே நம்பணும்? எதுக்கு என் நோட்ட நம்புதீங்க?…

…

என்ன சொன்னீங்க?… உங்க அப்பாவா சொன்னாரு?… 'சண்முகையா சார் எழுதினா அதுல ஒரு புள்ளி மாறாது, மெஷின் தப்பா இருக்கும், அவரு தப்பா இருக்க மாட்டாரு'ன்னு… தங்கப்பழம் அப்படியா சொன்னாரு…

இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

யாரு நம்பரு?… தங்கச்சி நம்பரா? அன்னக்கிளி நம்பரு எதுக்கு உங்களுக்கு?… ஒரு வார்த்த கேட்டு உறுதி பண்ணவா? என்னத்த உறுதி பண்ண? நான் சொன்னது போதாதா? என் வீட்டுப் பொம்பளைகளக் கூப்பிட்டு விசாரிக்கப் போறீங்களா? அந்தப் பேச்சே வேண்டாம்! அவகிட்ட ஒருத்தரும் எதுவும் கேக்கக் கூடாது. சொல்லிட்டேன்.

…இல்ல. கோவம் இல்ல. மன்னிப்பு எதுக்குக் கேக்கீங்க, நீங்க ஒண்ணும் பண்ணல… சரி. சரிம்மா. என் வார்த்தையே போதும்ங்கீங்க. அப்பம் மெஷின் தப்புன்னு மெயில் அனுப்பிருவீங்க. ஆமா… ஆமா… வைக்கீங்களா? சரி…

ஏட்டி ஜாய்ஸ், வைக்காத. ஒரு நிமிஷம் இரு.

மெயில அனுப்பாத.

நான் சொல்லுதத எழுதிக்கோ. மெஷின் சரி. நோட்டுதான் தப்பு.

…

காதுல விழுந்துச்சுல்லா? பொறவு எதுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுத?… மறந்து மாத்தி எழுதல. எண்ணிக்கையில பிசகு இல்ல. தெரிஞ்சேதான் எழுதினேன். அன்னைக்கு இந்த வீட்டுல முப்பத்திநாலு பேர் இல்ல. மூணு பேரும் இல்ல.

நான்.

…ஆமா, நான் மட்டும்தான்… காலையில இருந்து… இல்ல, இப்பவும் அடுப்பங்கரையில யாரும் இல்ல. அதையும் அடிச்சிரு.

தபசு அன்னைக்கு என்ன பண்ணினேன்னா கேக்க? எல்லாம் பண்ணினேன். மொத நாளே எலைக்கட்டு வாங்கி, வீதியில போறவங்க கண்ணுல படுத மாதிரி வாசல் நடையில சாத்தி வச்சேன். மேலயும் கீழயும் அத்தன லைட்டையும் போட்டேன். டி.வி.ய சத்தமா வச்சேன். இந்த வீதியில எங்க வீடுன்னா தபசுக்குப் பந்தி நிக்காத வீடு. எங்கப்பா காலத்துல வந்தவங்க செருப்பு வாசல்ல இருந்து அடுத்த வீட்டு வாசல் வரைக்கும் கெடக்கும். அந்த வீடு இருட்டாக் கெடந்தா நாலு பேர் என்ன பேசுவான்?

சாயங்காலம் மாடியில நின்னேன். சாமிக்குன்னு வெவசாயிக வீசுத பருத்தியும் மொளகா வத்தலும் கூட்டத்துக்கு மேல பறக்குது. கீழ யாரோ கதவத் தட்டுதாங்க. எறங்கிப் போயிப் பாத்தா கடையநல்லூர்ப் பக்கத்துல இருந்து ஒரு குடும்பம். கைப்பிள்ளை ஒண்ணு, அஞ்சாறு வயசுல ரெண்டு. 'ஐயா, கூட்டத்துல பிள்ளைகளுக்குத் தெரியல, உங்க மாடியில செத்த நேரம் நின்னு பாத்துட்டுப் போயிருதோம்'னு கேக்காங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'வீட்டுல ஆளு நெறைஞ்சு கெடக்கு, நிக்க எடமில்ல'ன்னேன்.

…ஆமா. அனுப்பிட்டேன். விட்டா உள்ள வந்து பாத்துருவாங்கல்லா. முப்பது எலை கட்டு பிரிக்காமக் கெடந்தத. அந்த ஆளு 'சரிங்கய்யா, சொந்தக்காரங்க வந்திருக்கும்போது தொந்தரவு பண்ணிட்டோம்'னு சொல்லிட்டுப் போறான். அந்தச் சின்னது மட்டும் என்னைத் தாண்டி உள்ள எட்டிப் பாத்துச்சு. அதுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனைக்கேன்.

ம்… பேசுதேன். இருமல்தான்.

ஏன் வரலன்னா… அது உன் ஆராய்ச்சிக்குத் தேவையா?… தேவையில்ல, ஆனாலும் நீ கேக்க. சரி. இம்புட்டு சொன்ன பொறவு அத மட்டும் எதுக்கு மறைக்கணும்?

கொரோனா ரெண்டாவது அலை வந்த வருஷம். வைகாசி. என் வீட்டுக்காரி கனகலட்சுமிக்கு இருதயக் கோளாறு. 'இவங்களுக்கு வந்தா தாங்காது'ன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் வீட்டப் பூட்டினேன். சும்மா பூட்டல. ஆறு ஜன்னலையும் சாத்தி, இடுக்குல எல்லாம் பேப்பரப் பசை போட்டு ஒட்டினேன். காய்கறியக் கழுவினேன், பால் பாக்கெட்ட சோப்பு போட்டுக் கழுவினேன்… நீயும் கழுவினியா? வைரஸ் படிச்சவ, நீயும் பால் பாக்கெட்டக் கழுவினியா! சரி, அப்பம் நான் கழுவினது குத்தமில்ல.

அந்த நேரத்துல ராயகிரில தங்கச்சி மாப்பிள்ளை மாரிக்கண்ணனுக்குக் காச்சல், இருமல். அங்கன வைத்தியத்துக்கு வழியில்ல. இங்கன ஆஸ்பத்திரி இருக்கு, பொறந்த வீடும் இருக்குன்னு நெனச்சு அன்னக்கிளி அவரக் கார்ல ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டா. நட்டநடு மத்தியானம்… ஆமா… இல்ல, தொறக்கல.

ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிக்கேன். அந்தப் பக்கம் அவ நிக்கா. 'அண்ணே, நீங்களும் மதினியும் மாடிக்குப் போயிருங்க, நாங்க கூடத்துல ஒரு மூலையில கெடந்துக்கிடுதோம்'னா. 'லாட்ஜுல ரூம் சொல்லியிருக்கேன், அங்கன போங்க'ன்னு சத்தம் போட்டேன். கார் ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னுச்சு. நான் மனசு மாறுவேன்னு நின்னிருக்காங்க. வீதி பூரா பாத்துச்சு. தங்கச்சி மாப்பிள்ளைய வாசல்ல நிறுத்தி அனுப்பின வீடுன்னு ஒரு பேரு. நூறு வருஷமாச் சேத்து வச்ச பேரு, ரெண்டு மணி நேரத்துல போச்சு.

அவரு பொழச்சுக்கிட்டாரு… ஆமா, நல்லா இருக்காரு. அந்த லாட்ஜு ரூமுக்கு ஜன்னலே கெடையாதாம். கூட இருந்த இவளுக்கும் வந்துட்டு. அதுல இருந்து அவளுக்கு இழுப்பு. மழைக்காலம் வந்தா மூச்சு விடச் செரமப்படுதான்னு சொன்னாவ… நான் கேக்கல. சொன்னாவ.

எங்களுக்குப் பிள்ளை இல்லம்மா. அன்னக்கிளி பிள்ளைகதான் இந்த வீட்டுல ஓடித் திரிஞ்சதுக. இப்பம் அதுகளும் வராது. அவ பக்கம் நியாயம்னு மத்த சொந்தமும் அவளோட நின்னுட்டு… கனகமா? அவ மறுவருஷம் போயிட்டா. இருதயத்துலதான். கிருமி வரல. கிருமிய நான் உள்ள விடல.

சாவுக்கு அன்னக்கிளி வந்தா. வாசல்ல நின்னு அழுதா. படி ஏறல. ஒரு வாய் தண்ணி குடிக்கல. போயிட்டா.

…

ஜாய்ஸ், நான் ஒண்ணு கேக்கட்டுமா? மழுப்பாமப் பதில் சொல்லணும். ஆறுதலுக்குச் சொல்லக்கூடாது. ஆபீசுல எப்படிச் சொல்லுவியோ அப்படிச் சொல்லு.

அந்தக் கூடம் நீ அளந்த கூடம். நீளம், அகலம், உசரம் எல்லாம் உன்கிட்ட இருக்கு. ஆறு ஜன்னலும் கெழக்கயும் மேக்கயும் எதிரெதிரா. அந்த ஆறையும் முழுசாத் தொறந்து விட்டுட்டு, அவரக் கூடத்துல ஒரு கட்டில்ல படுக்க வச்சு, நானும் கனகமும் மாடிக்குப் போயி, மாடிப்படிக் கதவச் சாத்தி, எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தா… கனகத்துக்கு வந்திருக்குமா?

…

சொல்லு… ம்… முழுசாச் சொல்ல முடியாது. சரி… ஆனா… ம்… வெளிக்காத்து வந்து அடிச்சிட்டுப் போயிருக்கும்… கொறைஞ்சிருக்கும்… ரொம்பக் கொறைஞ்சிருக்கும். அன்னக்கிளிக்கும் அந்த லாட்ஜ் ரூமுக்குப் பதிலா இந்தக் கூடம்னா… ம்… அவளும் தப்பிச்சிருக்கலாம்.

அப்பம் நான் பேப்பர் ஒட்டி அடைச்சேனே, அதுதான்… ஆமா… அப்பம் யாருக்கும் தெரியாது. ஆமா, ஒருத்தரும் சரியாச் சொல்லல, கையக் கழுவு, கையக் கழுவுன்னுதான் சொன்னாங்க… இல்லம்மா, நீ சமாதானம் சொல்ல வேண்டாம். கேட்டதுக்கு நேராப் பதில் சொன்னியே, அதுக்கு நன்றி. இந்த அஞ்சு வருஷத்துல இத நான் ஒருத்தர்கிட்டயும் கேக்கல. கேக்க ஆளில்ல.

சரி. இப்பம் நோட்ட எடு. உன் கையில இருக்குல்லா? எங்கிட்ட நகல் இருக்கு… எதுக்குன்னா கேக்க? பிழை திருத்தத்தான்… கம்ப்யூட்டர்ல அந்தக் கட்டத்த அழிச்சாப் போதுமா? உனக்குப் போதும். எனக்குப் போதாது. ரிஜிஸ்டர்ல அழிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கணும். அடிச்சதும் தெரியணும், அடியில எழுதியிருந்ததும் தெரியணும். பக்கத்துல சுருக்கொப்பம். நான் பொறவு ஒரு நாள் போட்டுத் தாரேன், இப்பம் நீ கோடு போடு.

ஆடி அஞ்சு. 'பக்கத்து வீட்டார் இருவர், காபி அருந்தினர்.' அடி. வரல.

ஆடி எட்டு. 'பழைய அலுவலக நண்பர்கள் நால்வர்.' அடி… அதுல வேல்சாமி செத்தே மூணு வருஷமாச்சு… ஆமா, செத்தவரையும் வர வச்சிட்டேன். செத்தவன் கையெழுத்துப் போட்ட பத்திரம் எத்தனையப் பிடிச்சு ஏறக்கட்டியிருக்கேன் தெரியுமா நான்? சிரி, சிரி. சிரிக்க வேண்டியதுதான்.

ஆடி பதினொண்ணு. 'கொடியேற்றம் காண வந்த உறவினர் ஏழு பேர்.' அடி.

ஆடி பதினாலு. 'மின் அளவு குறிக்க வந்தவர் ஒருவர், நாற்பது நிமிடம்.' அத அடிக்காத. அது நெசம். நாலு நம்பரக் குறிச்சிட்டுப் போறதுக்கு வந்தாரு. வெயிலா இருக்கு, உக்காரும், மோர் குடிச்சிட்டுப் போகலாம்னு சொல்லி நான்தான் விடல… என்னது? மெஷின்ல தெரியுதா?… நானூத்தி அறுபத்தஞ்சா! அந்த நேரத்துல ஏறியிருக்கா?… ஒரே ஒரு ஆளுக்கு!… நல்ல மெஷினும்மா. அதத் திருப்பி அனுப்பப் பாத்தியே.

ம். மேல போ. ஆடி பதினெட்டு. 'குடும்பத்தார் பதினோரு பேர்.' அடி. ஆடி இருபது, அடி. இருபத்தொண்ணு, அடி.

இருபத்திரெண்டு. தபசு… 'ராயகிரித் தங்கை குடும்பம், ஒன்பது பேர்'… ம்… அடி. 'மூன்று பந்தி.' அடி. 'முப்பத்திநாலு பேர்.' அடி. 'ஜன்னல்கள் சாத்தப்பட்டன.' அதையும் அடி, எல்லாம் தொறந்துதான் கெடந்துச்சு. சாத்திக்கிட்டு உக்கார முடியல. மேல 'வீட்டில் ஒருவர்'னு எழுது.

எழுதிட்டியா?… வாசி… சரி.

இப்பம் என் வீட்டுக் கணக்கு உனக்கு உபயோகமில்லாமப் போச்சு. இல்லையா?… அப்படியா?… ஆளே வராத வீடு ஒண்ணு வேணுமா? நெறைஞ்ச வீட்டோட ஒப்பிட்டுப் பாக்க?… ஓ… தேடியும் கெடைக்கலியா, நாப்பதுல ஒண்ணுகூட இல்லையா. தபசு அன்னைக்கு இந்த ஊருல காலியாக் கெடந்த ஒரே வீடு எங்க வீடுதானா… சரி, அதுக்காவது ஆச்சு.

பேரு வருமா அதுல?… வெறும் நம்பர்தான். பதினேழாம் நம்பர் வீடு. நல்லது. உங்க அப்பாகிட்டயும் சொல்லக்கூடாது… சத்தியம் எல்லாம் வேண்டாம், சொல்லாம இருந்தாப் போதும். தங்கப்பழம் நெனச்சது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.

என்ன?… நானா? நானே ராயகிரிக்குப் போன் பண்ணணுமா? நான் மூத்தவன்ம்மா. எங்க குடும்பத்துல மூத்தவன் கூப்பிட்டு… தப்பு பண்ணினவந்தான் மொதல்ல பேசணுமா? அத நீ சொல்லுதியா எனக்கு? உன் வயசென்ன?… முப்பத்திமூணு. என் சர்வீசே முப்பத்தொண்ணு… விடு. அந்தப் பேச்ச விடு.

ஒண்ணு செய்வியா? இந்த ஆராய்ச்சி முடிஞ்சதும் தமிழ்ல சின்னப் புஸ்தகம் போட்டு எல்லாருக்கும் குடுக்கப் போறோம்னு சொன்னீல்லா. வீட்டுல ஜன்னல எப்படித் தொறந்து வைக்கணும், காத்து எப்படி வரணும் போகணும்னு. அதுல ஒண்ண ராயகிரிக்கு அனுப்பு. விலாசம் தாரேன். அவ மழை வந்தாப் போதும், எல்லாத்தையும் இறுக்கிச் சாத்திக்கிட்டு உக்காருவா. இழுப்புக்காரி அப்படி உக்காரக்கூடாதுல்லா… இல்ல, என் பேரு வேண்டாம். உங்க ஆபீசுல இருந்து வந்ததாவே இருக்கட்டும். என் பேரப் பாத்தா பிரிக்க மாட்டா.

மெயில என்னன்னு அனுப்பப் போற?… 'மெஷின் சரி, குறிப்பில் பிழை, வீட்டுக்காரர் தாமே முன்வந்து திருத்தினார்.' ம். 'தாமே முன்வந்து' வேண்டாம். அது பொய்யில்லா? 'கேட்டபோது திருத்தினார்'னு எழுது.

மிச்சம் ஒரு மாசமா? மெஷின் இருக்கட்டும். தெனமும் எழுதுதேன். இனிமே உள்ளத எழுதுதேன்… இன்னைக்குக் கணக்கா? இன்னைக்கும் எழுதணும்லா. இரு, பேனா… ம். ஆடி முப்பத்தொண்ணு. வீட்டில் ஒருவர். வந்தவர்… இல்லை.

…என்ன சொல்லுத?… உன் பேர எழுதவா?… 'ஜாய்ஸ், முக்கால் மணி நேரம்'னா?…

இல்லம்மா. அத எழுதக்கூடாது. போன்ல மூச்சுக் காத்து வராதே.

சரி… ஆமா… ஆமா… சாப்பிட்டேன்… மெயில அனுப்பு, நேரமாவுது… நீ வை… இல்ல, மொதல்ல நீ வை. நான் பொறவு வைக்கேன்… ம்… சரி மக்கா…

ஹலோ?… வச்சிட்டியா?…

ஹலோ…